உயரமானவருக்கு ஏற்ற கோல்ஃப் அயர்ன்: நீளத்தைக் கூட்டுவதா, லை கோணத்தை மாற்றுவதா?

வணக்கம். 6 அடி 4 அங்குல உயரமுள்ள நான், வழக்கமான நீளமுள்ள அயர்ன்களையே (உலோகத் தலை கொண்ட கோல்ஃப் மட்டைகள்) இதுவரை பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ 37 அங்குல நீளமுள்ள 7ஆம் எண் அயர்னைப் பிடித்து நின்றால் முதுகு மிகவும் வளைந்துவிடுகிறது. 18 குழிகளும் முடிவதற்குள் இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடுகிறது. வலக்கை ஆட்டக்காரனான எனக்குப் பந்து அடிக்கடி வலப்பக்கமாக விலகிப் போகிறது. அண்மையில் புல் பெயர்ந்த தடத்தைக் குனிந்து பார்த்தபோது, மட்டைத் தலையின் நுனி பட்ட இடம் ஆழமாகவும், தண்டை ஒட்டிய குதி பட்ட இடம் கீறல் அளவிலும் இருந்தது. லை கோணம், அதாவது மட்டையின் தண்டு தரையோடு அமைக்கும் சாய்வு, எனக்குத் தட்டையாக இருப்பதன் அடையாளம் இது என்றே கருதுகிறேன்.

மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்ததில் 38 அங்குலம் வந்தது. உயரத்தைவிட இந்த அளவே முக்கியம், ஏனெனில் கைகள் நீண்டவருக்கு எவ்வளவு உயரம் இருந்தாலும் நீளமான மட்டை தேவைப்படாமல் போகலாம். அரை அங்குலம் நீட்டினாலே ஸ்விங் வெயிட் (வீசும்போது தலைப்பகுதி எவ்வளவு கனமாக உணரப்படும் என்பதன் அளவு) ஏறத்தாழ 3 புள்ளிகள் கூடி, தலைப்பகுதி கனத்துவிடும் என்பதுதான் என் தயக்கம்.

உங்களில் உயரமானவர்கள் நீளத்தைக் கூட்டினீர்களா, கோணத்தை மட்டும் ஓரிரு பாகை நிமிர்த்தினீர்களா? என்னுடையவை எளிதில் வளைக்கக்கூடிய ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) அயர்ன்கள் என்பதால், பழைய செட்டையே சரிசெய்தால் போதுமா என்பதையும் உங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் பேருதவியாக இருக்கும்.