புரோகா மலையில் டைனமிக் சோரிங்: சரியா, வீண் வம்பா?

செந்தூல் சிறகு:
அண்ணன்மார்களே, அடுத்த ஞாயிறு சிலாங்கூரின் புரோகா மலையில் டைனமிக் சோரிங் முயலப் போகிறேன். முகட்டில் லாலாங் புல்தான், மரம் குறைவு. ரிமோட்டில் ஓட்டும், இயந்திரம் இல்லாத என் கிளைடர் நுரையில் செய்தது, இறக்கை 2 மீட்டர். யார் வருகிறீர்கள்?

கொடிமலைக்காரன்:
ஞாயிறா? சூரிய உதயம் பார்க்க வரும் கூட்டத்துக்கு நடுவிலா? தம்பி, சரிவில் ஏறிவரும் காற்றில் கிளைடரை மிதக்க விடுவது வேறு. அது காற்றடிக்கும் பக்கம் உன் கண்முன்னே சாதுவாக நிற்கும். நீ சொல்வது மலையின் மறுபக்கம் வளையம் வளையமாகச் சுற்றி வேகம் ஏற்றுவது.

பட்டர்வொர்த் பையன்:
இயந்திரமே இல்லாமல் சுற்றச் சுற்ற வேகம் ஏறுமா? காதில் பூ சுற்றாதீர்கள்.

செந்தூல் சிறகு:
காற்றிலிருந்துதான் ஏறுகிறது. முகட்டுக்கு மேலே மணிக்கு 50 கி.மீ. காற்று, மறுபக்கம் கீழே அசைவே இல்லை என்று வையுங்கள். கீழிருந்து 80 கி.மீ. வேகத்தில் ஏறி எதிர்க்காற்றுக்குள் நுழைந்தால் இறக்கை உணர்வது 130. அந்த 130 குறையாமல் திரும்பிக் காற்றோடு போனால், தரையில் நிற்பவனுக்கு அது 180. அப்படியே கீழே அசையாத காற்றுக்குள் பாய்ந்தால் இறக்கைக்கும் 180தான். ஒரே சுற்றில் 100 லாபம்! நிஜத்தில் காற்றின் இழுவை இதில் கணிசமாகத் தின்றுவிடும். இழுவையும் லாபமும் சமமாகும் வரை வேகம் ஏறும். அல்பட்ராஸ் பறவை கடல்மேல் இதைத்தான் செய்கிறது. இயற்பியலாளர் ரேலி பிரபு 1883லேயே இதன் சூட்சுமத்தை எழுதிவிட்டார். கலிபோர்னியாவின் பார்க்கர் மலையில் ஸ்பென்சர் லிசன்பியின் ரிமோட் கிளைடர் 2021 ஜனவரியில் மணிக்கு 548 மைல் தொட்டது, ஏறக்குறைய 882 கி.மீ.

பட்டர்வொர்த் பையன்:
அப்போ காற்றுதான் முதலாளி. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

கொடிமலைக்காரன்:
அந்த முதலாளி நம் ஊரில் சம்பளம் தருவதில்லை, அதுதான் என் வாதம். மலேசியாவின் மேற்குக் கரையில் பெரும்பாலான நாள் காற்று மெல்லிசு. பலமாக அடிப்பது தென்மேற்குப் பருவத்தில் விடியலை ஒட்டி வரும் சுமத்ரா காற்று. அது இடி மின்னலைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். அந்நேரம் மொட்டை முகட்டில் ரிமோட்டும் கையுமாக நிற்பாயா? எங்கள் பினாங்குக் கொடிமலை 833 மீட்டர், ஆனால் உச்சிவரை காடு. மேலே காற்றும் கீழே அமைதியும் பிரிந்து நிற்க முகடு கத்திபோல் இருக்க வேண்டும். மரக்கூட்டம் இரண்டையும் கலக்கிவிடும். பல வருடம் முன் நானும் ஒரு குன்றின் மறுபக்கம் முயன்றவன்தான். நான்காவது சுற்றில், இறக்கை மடலை அசைக்கும் சர்வோ கம்பி கழன்றது. அந்த இறக்கை இன்னும் ஏதோ ஒரு டுரியான் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

செந்தூல் சிறகு:
என்னுடையது நுரைதானே அண்ணே, பட்டால் வலிக்காது.

செலாயாங் டீச்சர்:
வலிக்காதா? கணக்கு நீங்களே ஆரம்பித்தீர்கள், நான் முடிக்கிறேன். 3 கிலோ கிளைடர் 300 கி.மீ. வேகத்தில் மோதுவதும், ஆளோடு சேர்த்து 200 கிலோ மோட்டார் சைக்கிள் 36 கி.மீ. வேகத்தில் மோதுவதும் ஏறக்குறைய ஒரே சக்தி. உங்கள் நுரை அவ்வளவு போகாது, சரி. 120 போனால்? போன மாதம் அந்த மலையில் மாணவர்களோடு ஏறினேன். பாதையில் ஒதுங்கவே இடமில்லை.

செந்தூல் சிறகு:
சரி டீச்சர், புரோகா வேண்டாம். வாரநாளில் ஜுக்ரா குன்று?

கொடிமலைக்காரன்:
அங்கே பாராகிளைடர்காரர்கள் பறப்பார்கள். வானத்தில் ஒருவர் இருந்தாலும் ரிமோட்டைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. முன்பக்கம் மட்டும் என்றால் வருகிறேன், அந்த வாரம் கே.எல்.லில்தான் இருப்பேன்.

செந்தூல் சிறகு:
முன்பக்கம் அரை மணி நேரம். மறுபக்கம் மூன்றே சுற்று?

கொடிமலைக்காரன்:
ஒன்று. அதுவும் கீழே ஆள் இல்லை என்று நான் இறங்கிப் பார்த்துவிட்டு வந்த பிறகு.