பிராண்ட் புத்தகத்தைக் கொடுத்து "இதுதான் டிசைன் சிஸ்டம்" என்றவர்களிடம் மாட்டியது உண்டா?

அரைப்புள்ளி:
ஒரு மீட்டிங் இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். கிளையன்ட்டின் பிராண்ட் குழு, திரையில் வரும் பொத்தான், படிவம் எல்லாவற்றுக்கும் விதி சொல்லும் டிசைன் சிஸ்டம் இதுதான் என்று தடிமனான பிடிஎஃப் ஒன்றை அனுப்பியிருந்தது. லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எந்தச் சிவப்பு, எந்த எழுத்துரு, புகைப்படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், எல்லாம் அழகாகவே இருந்தது. ஆனால் ஒரு சாதாரண படிவம் செய்யத் தேவையானது எதுவும் அதில் இல்லை. அழுத்த முடியாத நிலையில் பொத்தான் எப்படி இருக்கும்? டேப் விசையைத் தட்டினால் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது (ஃபோகஸ்) எப்படித் தெரியும்? பட்டியல் காலியாக இருந்தால் என்ன காட்டுவது?

பிரதான நிறமே சிவப்பு. அதனால், "பிழைச் செய்திக்கு என்ன நிறம் வைக்கட்டும்?" என்று கேட்டேன். அந்தக் குழுவின் தலைவர் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொன்னார்: "எங்கள் பிராண்ட் எதிர்மறையாகப் பேசாது."

"சேமி", "அழி", "கடவுச்சொல் தவறு" மூன்றும் ஒரே சிவப்பில் வெளியாயின.

கூர்நோக்கு:
எங்களுக்கு ஆரஞ்சு. சிவப்பு 255, பச்சை 102, நீலம் 0. அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 2.9 சொச்சம்தான் வரும். இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5. மார்க்கெட்டிங் தலைமை ஒரு போஸ்டரைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, "இதே ஆரஞ்சு, இதே வெள்ளை. இங்கே சரி, அங்கே மட்டும் தப்பா?" என்றார். லோகோவில் இருக்கும் எழுத்துக்கு அந்த விதியில் விலக்கு உண்டு, பொத்தானில் இருக்கும் எழுத்துக்குக் கிடையாது என்று விளக்கினேன். கறுப்பு எழுத்து வைத்தால் 7-ஐத் தாண்டுகிறது, அதையாவது வைக்கலாமே என்றேன். "மலிவாகத் தெரிகிறது" என்று பதில்.

கடைசியில் பிராண்டுக்கு ஓர் ஆரஞ்சு, பொத்தானுக்கு வேறொரு அடர்நிறம் என்று பிரித்தோம். இன்றுவரை பொத்தான் நிறத்தை அவர் "உங்கள் ஆரஞ்சு" என்றுதான் சொல்கிறார்.

அச்சுமை:
நான் பிராண்ட் பக்கத்து ஆள். மேலே இருவரும் எங்களை வில்லனாக்கிவிட்டீர்கள், சரி. எதிர்ப்பக்கமும் கேளுங்கள். எங்கள் ப்ராடக்ட் குழு "ஒரே உண்மை டிசைன் சிஸ்டம்தான், பழைய கையேடு வேண்டாம்" என்று அறிவித்தது. கண்காட்சிக்குப் பெரிய பேனர் அடிக்க வேண்டி வந்தது. அச்சகத்திலிருந்து நிறம் கேட்டார்கள். குழு திரைக்கான நிறக் குறியீடான ஹெக்ஸ் எண்ணை அனுப்பியது. அச்சுக்கான நிறக் குறியீடுகளான பான்டோன், சிஎம்ஒய்கே எதுவும் சிஸ்டத்திலேயே இல்லை. திரையில் மின்னிய நீலம் துணியில் மங்கி, ஊதாப் பக்கம் சாய்ந்து வந்து நின்றது. அதைவிடக் கொடுமை, பேனரின் நடுவில் நிழலோடு ஒரு "மேலும் அறிக" பொத்தான். துணியில்! யார் அழுத்துவார்கள்?

அப்புறம், கையேடு என்றாலே லோகோ புத்தகம்தான் என்று நினைக்க வேண்டாம். 1970-இல் யூனிமார்க் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் மாசிமோ விக்னெல்லியும் பாப் நூர்டாவும் நியூயார்க் சுரங்க ரயிலுக்குச் செய்த கையேட்டைப் பாருங்கள். துண்டுப் பலகைகளை அடுக்கி அறிவிப்பு அமைக்கும் முறை அதிலேயே இருக்கிறது.

கட்டம்வரை:
@அச்சுமை, அந்த உதாரணம் உங்கள் கட்சிக்கே எதிராகப் போகிறது. அது பயணி வழி தவறாமல் போவதற்கான கையேடு. நிறுவனத்தை அடையாளம் காட்டுவது அதில் இரண்டாம்பட்சம். என்னைக் கேட்டால் அது டிசைன் சிஸ்டத்தின் தாத்தா. பிராண்ட் பக்கம் உதாரணம் வேண்டுமென்றால் ஐபிஎம்மைச் சொல்லியிருக்கலாம். வடிவமைப்பாளர் பால் ராண்ட் செய்த எட்டுப் பட்டை லோகோ 1972-இலிருந்து நிற்கிறது. பொத்தான், படிவம், அட்டவணை எல்லாம் கார்பன் என்ற தனிச் சிஸ்டத்தில் பதிப்பு மேல் பதிப்பாக மாறிக்கொண்டே இருக்கின்றன. இரண்டுக்கும் ஆயுள் வேறு.

பேனரில் பொத்தான் வைத்தது அநியாயம். அதில் நான் உங்கள் பக்கம்தான்.

பதிப்பு_எண்:
என் கதை சின்னது. பிராண்டையே புதிதாக மாற்றிய ரீபிராண்டில் நீலம் போய்ப் பச்சை வந்தது. அந்த நிறத்துக்கு நிரலில் வைத்த பெயர், அதாவது டோக்கன், "நீலம்-500". பெயரை மாற்றினால் எல்லாத் திரையும் உடையும் என்று பயந்து மதிப்பை மட்டும் மாற்றினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நிரலைப் பார்த்துவிட்டு, "நீலம்-500 ஏன் பச்சையாக இருக்கிறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டோக்கனை அடுக்காக வையுங்கள். அடியில் வெறும் நிற மதிப்புகள், பிராண்ட் குழு கைவைக்கட்டும். அதற்கு மேல் வேலையைச் சொல்லும் பெயர்கள்: முதன்மைச் செயல், எச்சரிக்கை, பிழை, பின்னணி. பொத்தானும் படிவமும் இந்த இரண்டாவது அடுக்கை மட்டுமே தொட வேண்டும், நேராக நிறத்தைத் தொடவே கூடாது. பிழை நிறத்தைப் பிராண்ட் நிறத்தோடு எந்தக் காலத்திலும் கட்டாதீர்கள் (அரைப்புள்ளி, உங்களுக்குத்தான்). இப்படிப் பிரித்து வைத்தால் என்ன வசதி என்று பார்க்க, பிரிட்டன் அரசின் ஜிஓவி.யூகே தளத்தைப் பாருங்கள். 2025 ஜூனில் பிராண்டைப் புதுப்பித்தார்கள். மேல்பட்டை கறுப்பிலிருந்து நீலமானது. பொத்தான் அப்போதும் பச்சையாகவே இருந்தது. படிவம் நிரப்ப வந்தவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று, பிராண்ட் குழுவிலிருந்து ஒருவரை டிசைன் சிஸ்டம் ரிவ்யூவுக்கு அழையுங்கள். வெளியீட்டுக்கு முந்தின நாள் அழைத்தால் சண்டைதான் வரும், டோக்கனுக்குப் பெயர் வைக்கும்போதே உட்கார வையுங்கள். எழுத்துரு மாற்றத்தை நிற மாற்றத்தோடு ஒரே வெளியீட்டில் தள்ளாதீர்கள். எழுத்தின் அகலம் மாறினால் வரி மடியும், பொத்தான் உடையும், எதனால் உடைந்தது என்று தேடியே நேரம் போகும்.

முகப்புவரி:
எல்லோரும் நிறத்திலேயே நிற்கிறீர்கள். என்னைக் கடித்தது வாக்கியம். "எங்கள் குரல் குறும்பானது" என்று பிராண்ட் கையேடு சொன்னது. பிழைப்பெட்டியில் என்ன எழுதுவது என்று டிசைன் சிஸ்டம் ஒன்றுமே சொல்லவில்லை. பணம் கட்டும் திரையில் இணைப்பு அறுந்தால், "அச்சச்சோ! பணம் எங்கேயோ ஊர் சுற்றப் போய்விட்டது!" என்று வந்தது. ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "என் பணம் எங்கே?" என்று மட்டும் கேட்டு ஆதரவுக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

இப்போது அந்த இடத்தில், "கட்டணம் செலுத்தப்படவில்லை. உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படவில்லை" என்று இருக்கிறது. குறும்பை வரவேற்புத் திரைக்கு மாற்றிவிட்டோம்.