மறு: ரத்த அணு திரும்ப வர்றதுக்கு என்ன சொல்?

கதிர் பாய்ச்சின எலிக்கு குருத்தணு (ரத்த அணுவெல்லாம் உண்டாகுற மூல அணு, ஸ்டெம் செல்) செலுத்தினா ரத்த அணு திரும்ப வருதே, பாடத்துல அதுக்கு எந்தத் தமிழ்ச் சொல் போடலாம்ங்கிறது தான் கேள்வி. வந்த யோசனைகளுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

> "மீட்சி"ன்னே போட்டுடலாம், பிள்ளைங்களுக்கு உடனே புரியும். வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகணும்.

ஐயா, அவசரம் தெரியுது, ஆனா இங்க மீட்சி மட்டும் போதாது. கதிர் பாய்ச்சின எலிக்கு வெளியேருந்து குருத்தணு செலுத்துறோம், அப்புறம் ரத்த அணு எண்ணிக்கை ஏறுது, சரி, ஏறினது யாரோட அணு? கதிர் அளவு கொறைஞ்சிருந்தா எலியோட சொந்த எலும்பு மஜ்ஜையில தப்பிச்ச அணுவே பெருகி எண்ணிக்கைய ஏத்திரும். விஞ்ஞானிங்களே இதுல ரெண்டு கட்சியா நின்னாங்க. ஜேக்கப்சன் குழு எலியோட மண்ணீரல ஈயத்தால மறைச்சுட்டு கதிர் பாய்ச்சினப்ப எலி பிழைச்சுது, மண்ணீரல்லேருந்து ஏதோ ஒரு பொருள் சுரந்து மஜ்ஜைய எழுப்புதுன்னு நெனச்சவங்க நிறைய, இல்ல, அணுவே போயி பெருகுதுன்னாங்க மத்தவங்க. 1956-ல, குரோமோசோம் வடிவத்த வச்சே யாரோடதுன்னு அடையாளம் தெரியுற அணுவ செலுத்திப் பாத்தப்ப தான், பெருகினது கொடுத்த அணுவேன்னு தெளிவாச்சு.

> "குருதி மீளாக்கம்". தூய தமிழ், பொருளும் சரி.

அம்மா, குருதி எனக்கும் பிடிச்ச சொல்லு தான், 'குருவும் கெழுவும் நிறனாகும்மே'ன்னு, அதாவது குருன்னா நிறம்னு, தொல்காப்பியமே சொல்லுது.  அது கெடக்கட்டும். 'மீளாக்கம்'னா மறுபடி ஆக்குறதுன்னு தான் காதுல விழுது, யாரோ ஆக்கணும். இங்க அணு தானா மஜ்ஜைக்குப் போயி, தங்கி, பெருகுது.

அதான் 'வேர்பிடிப்பு'ங்கிறேன். நட்ட நாத்து வேர் பிடிச்சுதான்னு கேக்குறோமே, அதே கேள்வி தான் இதுவும்.

> பச்சைபிடிப்புன்னும் சொல்லலாமே?

ரத்தத்துக்குப் பச்சை வேணாங்க, படிக்கிற பிள்ளை நிறத்துல மாட்டிக்கும்.

எண்ணிக்கை ஏறுறதுக்கு மீட்சி இருக்கட்டும். நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு மீட்சி முதல்ல, ரத்தம் உறைய உதவுற தட்டணு மீட்சி பெரும்பாலும் அதுக்கப்புறம், நிணவணு (லிம்போசைட்) ரொம்பத் தாமதம்னு எழுதினா அழகா உக்காருது. ஆனா சீக்கிரம் ஏறினதாலயே நீண்டநாள் குருத்தணு வேர் பிடிச்சிருச்சுன்னு ஆகாது, ஆரம்பத்துல ஏத்துறது குறுகியகால அணுங்க, அதனால எலியில நாலு மாசம் காத்திருந்து பாக்குறாங்க, அப்புறம் அந்த மஜ்ஜையவே எடுத்து இன்னொரு எலிக்குக் குடுத்தும் சோதிக்கிறாங்க.

பெரும்பான்மை மீளாக்கம் பக்கம் தான் சாயுதுன்னு தெரியுது, பாடத்தலைப்புல அதையே போட்டுக்கங்க. பாடத்தோட மூணாவது அட்டவணையில மட்டும் வேர்பிடிப்புன்னு விடுங்க, அங்க அளக்கிறது எத்தனை அணு இருக்குன்னு இல்ல, இருக்கிறதுல எத்தனை சதவீதம் கொடுத்தவரோடதுன்னு.