கையில் 60,000 ரூபாய்: சொந்தப் பொடி வியாபாரமா, நேரடி விற்பனை நிறுவனமா?

கரூர்க்காரி:

வணக்கம். கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் செக்கிங் பிரிவில் இருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். பி.எஃப். பணத்தில் செலவெல்லாம் போக 60,000 ரூபாய் மிச்சம் இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து ஏதாவது செய்தாக வேண்டும்.

மாமியார் சொல்லிக்கொடுத்த பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி இரண்டும் எனக்கு நன்றாக வரும். வேலைக்குப் போன காலத்தில் மதியச் சாப்பாட்டில் என் டப்பாதான் முதலில் காலியாகும். இப்போதும் பழைய தோழிகள் நான்கைந்து பேர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அதையே தொழிலாகச் செய்யலாமா என்று ஒரு யோசனை.

எதிர்வீட்டு அக்கா ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் இருக்கிறார். கடை இல்லாமல், சேர்ந்தவர்களே தெரிந்தவர்களிடம் விற்று, தங்களுக்குக் கீழே ஆட்களையும் சேர்க்கிற முறை அது. சத்துப் பவுடர், சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் விற்கிறார்கள். பல வருடங்களாக நடக்கிற கம்பெனி. போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். முதலில் 18,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால் நல்ல நிலையில் ஆரம்பிக்கலாம் என்கிறார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று விடியும்வரை என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. பொடி என்றால் எல்லாவற்றையும் நானே சுமக்க வேண்டுமே என்று பயமாகவும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்மிக்கல்:

தங்கை, இரண்டையும் செய்தவள் நான். நான்கு ஆண்டுகள் நேரடி விற்பனை, 2019 முதல் சொந்தமாகச் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி. ஊர் திண்டுக்கல்.

அந்த நான்கு ஆண்டுகளில் நான் சோம்பி இருக்கவில்லை. காலையில் சமையலை முடித்துவிட்டு டவுன் பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. எனக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தேன், கூட்டங்களுக்குப் போனேன். மாதக் கடைசியில் விற்பனைக்கான பாயிண்ட் குறைந்தால் கம்பெனியில் என் நிலை இறங்கிவிடும் என்று, குறைகிற சரக்கை என் காசிலேயே எடுத்துவிடுவேன். அடுத்த மாதம் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கைதான். ஒரு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து பதினோரு டப்பா சத்துப் பவுடர் வந்தது. ஏழு டப்பாவுக்குத் தேதி முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். என்னிடம் வாங்கியவர்கள் 43 பேர். அதில் என் சொந்தக்காரர்களையும் எனக்குக் கீழே சேர்ந்தவர்களையும் அடித்துக்கொண்டே வந்தேன். மிஞ்சியவர்கள் ஆறு பேர். பொருள் பிடித்துப்போய், தானாகவே கேட்டு வாங்கிய ஆறே பேர்.

நோட்டை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் நாத்தனார் என் முகத்துக்காகவே இரண்டு ஆண்டுகள் அந்த ஷாம்பூவை வாங்கியிருக்கிறாள். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

பொருள் மட்டமில்லை. அந்தச் சோப்புத் திரவத்தை இன்றும் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் விலையை நான் வைக்க முடியாது, பொருளை நான் மாற்ற முடியாது. எனக்குச் சொந்தமாக இருந்தது என் உறவுகள் மட்டும்தான். அவற்றைத்தான் நான் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

பொடியில் கஷ்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கார்த்திகை மாத அடைமழையில், மல்லி சரியாகக் காயாமல் அரைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, ஒரு பாக்கெட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பொடிக்குள் வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்திருந்த முப்பது பாக்கெட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து மல்லியை இரண்டு வெயில் காயவிட்டு, பிறகு வறுத்துத்தான் மில்லுக்குக் கொண்டுபோகிறேன். மில்லிலும் முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொட்டுவேன்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாம்பார்ப் பொடி கிலோவுக்குச் சாமான், அரைவைக் கூலி, கவர், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 310 ரூபாய் அடங்குகிறது. நேராக வாங்குகிறவர்களுக்கு 480. கடைக்குப் போட்டால் 400தான், அதுவும் விற்ற பிறகுதான் பணம் வரும். அதனால் முதல் ஆண்டு கடைப் பக்கமே போகாதீர்கள். வீடுகளுக்கு மட்டும் கொடுங்கள். மிளகாய் விலை ஏறும் மாதங்களில் கை கடிக்கும், அதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். 60,000 ரூபாயையும் இறக்க வேண்டாம். 8,000 ரூபாயில் ஆரம்பிக்கலாம். பாக்கெட் ஒட்டும் சின்ன மிஷின், நல்ல தராசு, இரண்டு எவர்சில்வர் தூக்கு, முதல் சரக்கு, அவ்வளவுதான்.

பீளமேடு வாசகி:

அம்மிக்கல் அக்கா சொன்னதை மறுக்கவில்லை. என் அம்மாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் டப்பாக்களை இதே நேரடி விற்பனை முறையில் விற்ற டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது 1996இல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அம்மா சேர்ந்தார். பத்துப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டி வைத்து, டப்பாவில் தண்ணீரை நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டுச் சிந்தாது. நான்கு பேர் முன்னால் பேசவே கூச்சப்பட்டவர் அவர். என் பள்ளிக் கட்டணத்தில் பாதி அந்த டப்பாக்களிலிருந்து வந்ததுதான். ஆள் சேர்ப்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. விற்பார், பணம் வாங்குவார், அவ்வளவுதான். பேசத் தெரிந்தவர்களுக்கு, முதல் போட முடியாதவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பெரிய நிறுவனம் என்பதாலேயே கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். அதே டப்பர்வேர் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மா அடுக்களைக்குள் போய் அந்தப் பழைய டப்பாக்களையெல்லாம் எடுத்துத் துடைத்து வைத்தார்.

கணக்குப்பிள்ளை:

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். ஒன்றிய அரசின் 2016 வழிகாட்டு நெறிமுறைகளின்படி நேரடி விற்பனையில் சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். ஆள் சேர்த்ததற்காகப் பணம் தரக் கூடாது, விற்பனைக்குத்தான் தர வேண்டும். விற்கக்கூடிய நிலையில் உள்ள சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் பிரமிடு திட்டங்களை, அதாவது ஆள் சேர்ப்பதிலேயே பணம் வரும் திட்டங்களை, தடை செய்கின்றன. 18,000 ரூபாய் விஷயத்தில் எதிர்வீட்டு அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: விற்காவிட்டால் கம்பெனி எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்ளும், அது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பொடிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். வீட்டில் செய்தாலும்தான். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம், அதற்கு இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். பின்னால் சொந்தமாக அரைவை மிஷின் வாங்கும் எண்ணம் வந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் பற்றி விசாரியுங்கள்.

கரூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை எதிர்வீட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மிக்கல் அக்கா போல நோட்டில் கணக்குப் பார்த்தீர்களா என்று நான் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து காட்டினார். மேல் தட்டு முழுவதும் பிரிக்காத டப்பாக்கள். "உன்னைச் சேர்த்தால் இந்த மாதம் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் அழுதோம். ஒப்பந்தத் தாளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். சரக்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று நாளை கேட்கப் போகிறோம்.

நான் முதலில் நான்கு கிலோ பருப்புப் பொடி போடுகிறேன். கறிவேப்பிலைப் பொடிதான் ஒரு மாதத்தில் நிறம் மாறி வாசனை போய்விடுகிறது. என்ன செய்வது, அம்மிக்கல் அக்கா?

அம்மிக்கல்:

வெயிலில் காயவைக்கிறீர்கள் போலிருக்கிறது. கழுவி ஈரம் துடைத்து, நிழலில் துணி விரித்து மூன்று நாள் உலர்த்துங்கள். பிறகு இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல், சின்னத் தீயில், கையில் எடுத்தால் நொறுங்கும்வரை வறுங்கள். நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு பாக்கெட்டில் அடைத்தால் உள்ளே வேர்த்துவிடும். நூறு கிராம் பாக்கெட்டாகவே போடுங்கள். முதல் பாக்கெட் எனக்கு, காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.