இரண்டரை லட்சத்துக்குள் பழைய கார்: மூன்று வண்டி பார்த்திருக்கிறேன், எது வாங்கலாம்?

மல்பெரித்தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில். தக்காளி, கொஞ்சம் பட்டுப்புழு. வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். இத்தனை வருடம் பைக்கிலேயே சமாளித்துவிட்டோம். ஆனால் அம்மாவுக்கு மூட்டு தேய்ந்த பிறகு பைக்கில் ஏறி உட்காரவே முடிவதில்லை. போன ஐப்பசியில் ராத்திரி பதினோரு மணிக்குச் சின்னவளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. கொட்டுகிற மழையில், தக்காளி கிரேட் மூடுகிற தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மனைவி பின்னால் பிள்ளையை அணைத்தபடி உட்கார, தர்மபுரி பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இந்த வருடம் ஒரு கார் வாங்கியே ஆக வேண்டும் என்று.

கையில் இருப்பது இரண்டரை லட்சம். கடன் வாங்க மனம் இல்லை. மாதத்துக்கு 500, 600 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். தர்மபுரி, பாலக்கோடு, எப்போதாவது ராயக்கோட்டை வழியாக ஓசூரில் இருக்கும் மாமனார் வீடு.

பார்த்து வைத்திருக்கும் வண்டிகள்: 2013 வேகன் ஆர் பெட்ரோல், டி.என். 29, இரண்டாவது ஓனர், மீட்டரில் 78,000, விலை 2.40 லட்சம். அடுத்தது 2014 ஸ்விஃப்ட் டீசல், கே.ஏ. 51 நம்பர், ஓசூரில் ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடை) நிற்கிறது, 1,10,000 ஓடியிருக்கிறது, 2.35 சொல்கிறார்கள். மூன்றாவது 2012 செவ்ரோலே பீட் பெட்ரோல், 1.10க்கே தருகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எனக்கு ஸ்விஃப்ட் மேல்தான் கண். ஓட்டியவர்கள், வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி:

கே.ஏ. வண்டி விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது, அதை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகாவில் ஏற்கெனவே லைஃப் டாக்ஸ் (ஆயுள் வரி) கட்டியிருந்தாலும், வண்டியை இங்கே நிரந்தரமாக வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அங்கே பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே நம்பர் மாற்ற வேண்டும். வண்டியின் வயதையும் அதன் விலையையும் வைத்து வரி போடுவார்கள், அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பாலக்கோடு அல்லது தர்மபுரி ஆர்.டி.ஓ.வில் அந்த வண்டிக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் நான் அதற்காக நான்கு தடவை பெங்களூருக்கு அலைந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போனது.

என்.ஓ.சி. யார் எடுத்துத் தருவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். "வாங்கிட்டுப் போங்க, ஒரு மாசத்துல எடுத்துத் தரோம்" என்று சொன்னால் மீதிப் பணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

செவ்ரோலே பற்றி ஒரு வரி. அந்தக் கம்பெனி 2017 கடைசியிலேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. ஓட்டத்துக்கு நல்ல வண்டிதான், நானே ஓட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு சாமான் போனால் சேலத்துக்கும் பெங்களூருக்கும் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கென்று ஒரே ஒரு வண்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அது சரிவராது.

பட்டறை_தர்மபுரி:

தம்பி, இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த பட்ஜெட்டில் "எந்த மாடல்" என்று கேட்பதை விட "எந்த வண்டி" என்று கேட்பதுதான் சரி. பன்னிரண்டு வருடம் ஓடிய பிறகு ஒரே மாடலில் இரண்டு வண்டி ஒரே மாதிரி இருக்காது, வைத்திருந்தவன் கை எப்படியோ வண்டியும் அப்படி.

முதலில் டீசல் ஆசையை விடுங்கள். மாதம் 600 கிலோமீட்டருக்கு வேகன் ஆர் லிட்டருக்கு 17 கொடுத்தால் 35 லிட்டர், ஸ்விஃப்ட் டீசல் 20 கொடுத்தால் 30 லிட்டர். பெட்ரோல், டீசல் விலை வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் எழுநூறு, எண்ணூறு ரூபாய் மிச்சம். ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ வேலை வைத்தால் அந்த மிச்சம் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரே நாளில் போய்விடும். அதோடு, அம்மாவுக்கு மூட்டு வலி என்கிறீர்கள். ஸ்விஃப்டில் சீட் தாழ்வு, குனிந்து உள்ளே போக வேண்டும், எழுந்து வரும்போது முட்டியில்தான் முழு பாரமும். வேகன் ஆர் சீட் நாற்காலி உயரத்தில் இருக்கும், அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள், இதை யாருமே செய்வதில்லை.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆறிய இன்ஜின் முதல் தடவை பிடிக்கும்போதுதான் உண்மை தெரியும். பின்னால் ஒரு ஆளை நிற்க வைத்துப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இன்ஜினுக்குள் போகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள், மோர் மாதிரி வெளுப்பாக ஏடு படிந்திருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்திருக்க வாய்ப்பு இருக்கிறது, அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது. நம் ஊர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று வீட்டுக் குடத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டருக்குள்ளும் அடைக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்தால் கூலன்ட் பச்சையோ சிவப்போ ஏதோ ஒரு நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். செம்மண் கலங்கல் மாதிரி இருந்தால் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். (சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும். என் பட்டறைப் பையன் ஒருவனுக்கு இன்னும் கழுத்தில் தழும்பு இருக்கிறது.)

ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொப்பூர் வரைக்கும் கேளுங்கள். கணவாயில் இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று தெரிந்துவிடும். இறக்கத்தில் லாரிகள் வரும், நிதானமாக கியரில் இறங்குங்கள். திரும்பி தர்மபுரி நோக்கி ஏறும்போது ஏசியைப் போட்டு, நான்கு பேரை உட்கார வைத்து ஏற்றுங்கள். மேலே வந்து ஓரம் கட்டி இன்ஜினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஃபேன் நிற்காமல் ஓடுகிறதா, ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் பொங்கி வழிகிறதா பாருங்கள். அந்த ஏற்றம் சொல்லாததை எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது.

மீட்டரை நம்பாதீர்கள், பிரேக் பெடல் ரப்பரை நம்புங்கள். 78,000 ஓடிய வண்டியில் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருக்காது. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். ஆறு வருடம் தாண்டிய டயர் என்றால் பட்டன் (மேலே இருக்கும் வரிக்கட்டைகள்) தேயாமல் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும், அதை விலையில் கழித்துப் பேசுங்கள். பானெட் போல்ட், கதவுக் கீல் போல்ட் இதிலெல்லாம் பெயிண்ட் விரிசல் விட்டிருந்தால் ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். கதவு ரப்பரை லேசாக இழுத்தால் உள்ளே வரிசையாகப் புள்ளி புள்ளியாகக் கம்பெனி வெல்டிங் தெரியும், ஒரு பக்கம் மட்டும் புள்ளி இல்லாமல் வழவழவென்று இருந்தால் அந்தப் பக்கம் பலமாக அடிபட்டு டிங்கர் வேலை நடந்திருக்கிறது.

2.40 கேட்டால் 2.20க்கு மேல் போகாதீர்கள். கையில் முப்பதாயிரமாவது நிற்க வேண்டும்.

ராயக்கோட்டை_அக்கா:

பட்டறை அண்ணா சொன்னதோடு இன்னும் ஒன்று சேர்க்கிறேன், இது நாங்கள் பட்டது. இரண்டு வருடம் முன்பு வெளியூரில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினோம், வண்டி உள்ளே வெளியே பளபளவென்று இருந்தது, நல்ல சென்ட் வாசனை. ஒரு மாதத்தில் பவர் விண்டோ நின்றது, பிறகு ஹாரன், பிறகு மழை நாளில் ஸ்டார்ட்டே ஆகவில்லை. எலக்ட்ரீஷியன் டிரைவர் சீட்டுக்கு அடியில் தரைவிரிப்பைக் கிழித்துக் காட்டினார். சீட் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு, ஒயர் முடிச்சுக்குள் காய்ந்த சேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளத்திலும் பெங்களூரில் 2022 செப்டம்பர் மழையிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அதெல்லாம் எங்காவது ஒரு ஊரில் விற்பனைக்கு வரத்தான் செய்யும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது, அதில் சேற்றுக் கோடு இருக்கும்.

ஸ்டெப்னி டயரைத் தூக்கி அந்தக் குழியையும் பாருங்கள்.

காகித வேலைக்கு, எம்.பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டாலே ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் பாக்கியா என்று வரும். ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதாகப் பதிவு) இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35உம் வேண்டும். அபராத பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள். வாங்கிய அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள், 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவரும் தாமதிக்க மாட்டார், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதை அவரிடம் சொல்லுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளில் மாற்றுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) பழைய ஓனருடையது, உங்களுக்கு வராது.

2013 வண்டி என்றால் ஆர்.சி. 2028 வரைக்கும்தான். அதன் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க ஐயாயிரம் கட்டணம், பசுமை வரி தனி. இதையும் விலை பேசும்போது சொல்லுங்கள்.

பிள்ளைகள் இருப்பதால் இன்னொன்று. 2019 ஜூலைக்குப் பிறகுதான் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனது. 2013 வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. இருக்கிற வேரியன்ட் கிடைத்தால் பத்தாயிரம் கூடப் போனாலும் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் பின் சீட்டிலும் பெல்ட் போடாமல் நான்குவழிச் சாலையில் ஏறாதீர்கள்.

மல்பெரித்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்விஃப்டை விட்டுவிட்டேன். என்.ஓ.சி. பற்றிக் கேட்டதும் கன்சல்டிங்காரர் பேச்சு மாறிவிட்டது.

நேற்று காலை ஆறரைக்கு வேகன் ஆர் பார்க்கப் போனேன், அம்மாவும் வந்தார்கள். பானெட் சில்லென்று இருந்தது. ஒரே தடவையில் பிடித்தது, புகை இல்லை, ஆயில் மூடி சுத்தம். பெடல் ரப்பரில் வரிகள் இருக்கின்றன. ஸ்டெப்னி குழியில் துரு இல்லை. அம்மா கையைப் பிடிக்காமலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், "இது திண்ணை மாதிரி இருக்குடா" என்றார்கள்.

ஆனால் அண்ணா, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் நீங்கள் சொன்ன அதே செம்மண் கலங்கல். தொப்பூர் ஏற்றத்தில் ஏசி போட்டு வந்தோம், மேலே நிறுத்தியதும் ஃபேன் நிற்கவே இல்லை, டப்பாவில் கொஞ்சம் பொங்கியது. ஓனர் ஒரு வாத்தியார், நல்ல மனிதர், "போர் தண்ணிதான் தம்பி ஊத்துவேன், தப்புன்னு தெரியாது" என்று மறைக்காமல் சொன்னார். மற்ற எல்லாம் பிடித்திருக்கிறது. இதற்காக விட்டுவிடவா?

பட்டறை_தர்மபுரி:

விட வேண்டாம், ஆனால் இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. நாளைக் காலை ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் சோடா மாதிரி குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது, செலவு பெரிது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குமிழ் இல்லாவிட்டால் ரேடியேட்டர் அடைப்பு மட்டும்தான். புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலன்ட் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ஒதுக்குங்கள், அதை வாத்தியாரிடம் சொல்லியே விலையில் கழித்துக் கேளுங்கள்.

மல்பெரித்தோட்டம்:

பார்த்தேன் அண்ணா. முதலில் நான்கைந்து குமிழ் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன், தண்ணீர் அசையவில்லை. 2.15க்கு முடித்தோம். படிவம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பட்டறைக்குக் கொண்டு வரட்டுமா?

பட்டறை_தர்மபுரி:

திங்கள் வேண்டாம், ஒரு இன்ஜின் இறக்கி வைத்திருக்கிறேன். செவ்வாய் காலை வாருங்கள். அதுவரை ஏசி போடாமல், ஏற்றம் இல்லாத வழியில் மட்டும் ஓட்டுங்கள். இன்சூரன்ஸ் காகிதத்தையும் எடுத்து வாருங்கள், எதிரிலேயே ஆள் இருக்கிறார், பெயர் மாற்றத்தை அன்றைக்கே முடித்துவிடலாம்.