சோட்டோவின் 765 மில்லியன்: கணக்கு உதைக்கிறதா?

கணக்கன்:
2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுக்கு 765 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது. அந்தத் தொகைக்கு அவர் தகுதியானவரா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உதைக்கிறது.

வழக்கமான முறைதான். கீழ் லீகிலிருந்து குறைந்த சம்பளத்துக்குக் கூட்டி வரக்கூடிய ஒருவருக்குப் பதிலாக இவரை இறக்கினால் ஆண்டுக்கு எத்தனை வெற்றி கூடும்? அதுதான் வார் (WAR). சந்தையில் ஒரு வெற்றிக்கு 9 மில்லியன் என்று வைத்தேன். 26 வயதில் 6.5 வார், 29 வரை அப்படியே, 30இலிருந்து வருடத்துக்கு அரை வார் குறைவு. 40 வயதில் 1 வார் மிஞ்சும். கூட்டினால் 64.5, பெருக்கினால் சுமார் 580 மில்லியன். மீதி 185 மில்லியன் எதற்காம்?

குயின்ஸ்வாசி:
அண்ணே, 2039இலும் ஒரு வெற்றி 9 மில்லியனுக்கே கிடைக்குமா? டீ விலையே வருடா வருடம் ஏறுகிறது! வெற்றியின் விலையை ஆண்டுக்கு 3 சதவீதம் ஏற்றிப் பாருங்கள். அதே 64.5 வார் 680 மில்லியனைத் தொடும். சோட்டோவின் சம்பளமோ அன்று எழுதியது எழுதியபடி.

கணக்கன்:
சரி, ஏற்றினேன். இன்னும் 85 மில்லியன் இடிக்கிறதே. என் கணக்கு தாராளமானது வேறு. ரைட் ஃபீல்டில், அதாவது வலது வெளிக்களத்தில், பந்து பிடிப்பதில் அவர் சுமார்தான். 33, 34 வயதில் களத்துக்கு வெளியே உட்கார வைத்து, அடிக்க மட்டும் அனுப்புவார்கள். வார் கணக்கில் ரைட் ஃபீல்டுக்கு ஆண்டுக்கு 7.5 ரன் கழிவு, அடிக்க மட்டும் வருபவருக்கு 17.5. பத்து ரன் என்பது ஏறக்குறைய ஒரு வெற்றி. பழைய நட்சத்திரம் ஆல்பர்ட் பூஹோல்ஸை மறந்துவிட்டீர்களா? ஏஞ்சல்ஸ் அணி அவருக்கு 10 ஆண்டுக்கு 240 மில்லியன் கொடுத்தார்கள். பத்தாவது ஆண்டு முடியும்வரைகூடப் பொறுக்காமல் 2021 மே மாதம் வெளியே அனுப்பினார்கள்.

இடதுகை:
பூஹோல்ஸ் அங்கே முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு 32 வயது. சோட்டோ 26இல் வந்திருக்கிறார். இந்த ஒப்பந்தத்தின் அர்த்தமே அந்த ஆறு வருடம்தான். அப்புறம், களத்தை விட்டு எடுத்தால் மோசமான ஃபீல்டிங்குக்காகக் கழித்துக்கொண்டிருந்த ரன்களும் நின்றுவிடும். நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் கழிக்கிறீர்கள்.

2024இல் சோட்டோ எடுத்த வாக் (தவறான நான்கு பந்தை அடிக்காமல் விட்டு, இலவசமாக முதல் தளம் போவது) 129, ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) 119. கால் தளரும், கண் அவ்வளவு சீக்கிரம் தளராது.

ஆனால் வாரை வைத்து விலையைக் கண்டுபிடிக்கலாம் என்பதே எனக்கு ஒப்புதல் இல்லை. போட்டி அணியான யாங்கீஸ் 16 ஆண்டுக்கு 760 மில்லியன் தரத் தயாராக இருந்தது. ஏலத்தில் இரண்டாவது ஆள் எங்கே நிறுத்துகிறாரோ, அதற்கு ஒரு படி மேலேதான் விலை. இதே சோட்டோ 2022இல் தன் அப்போதைய அணி வாஷிங்டன் கொடுக்க முன்வந்த 440 மில்லியனை வேண்டாம் என்றார். யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் அதே ஆண்டு 213.5 மில்லியனைத் தட்டிவிட்டு, 62 ஹோம் ரன் அடித்து, 360 மில்லியன் வாங்கினார். யார் கணக்கு சரியாக இருந்தது?

புதுமுகம்:
நடுவில் ஒரு சந்தேகம். டாட்ஜர்ஸ் அணியின் ஓட்டானிக்கு 700 மில்லியன் என்றார்களே, அதுவும் இதற்குக் கிட்டத்தட்டச் சமம்தானே?

கணக்கன்:
இல்லை. அதில் 680 மில்லியன் 2034இலிருந்துதான் கைக்கு வரும், வட்டியும் கிடையாது. அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் லீக் வரி போடும்; அந்த வரிக் கணக்கில் அவர் ஆண்டுக்குச் சுமார் 46 மில்லியன்தான். சோட்டோவின் பணத்தில் எதுவும் ஒத்திவைக்கப்படவில்லை. ஆண்டுக்கு 51 மில்லியன் முழுசாக ஏறுகிறது. மெட்ஸ் போல வருடா வருடம் வரம்பைத் தாண்டும் அணிக்கு, உச்சக் கோட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் 110 சென்ட் வரி. இதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை!

குயின்ஸ்வாசி:
வரி மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோஹனின் கவலை, உங்கள் பையிலிருந்து போகவில்லை. எனக்கு 2025 போதும்: 43 ஹோம் ரன், 38 ஸ்டீல் (பந்து வீசும்போதே ஓடி அடுத்த தளத்தைப் பிடிப்பது). ஓடத் தெரியாதவர் என்றுதானே எல்லோரும் சொன்னீர்கள்?

கணக்கன்:
அடித்தார், ஓடினார், மறுக்கவில்லை. மெட்ஸ் 83 வெற்றியோடு பிளேஆஃபுக்கு வெளியே நின்றதே!

குயின்ஸ்வாசி:
பந்து வீச்சும் அவர் தலையிலா?

இடதுகை:
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. கணக்கன் போட்ட அதே வரிசைப்படி முதல் 5 ஆண்டில் 32 வார் வந்துவிடுகிறது, அதாவது பாதி. 75 மில்லியன் கையெழுத்துப் பணத்தையும் சேர்த்து அந்த 5 ஆண்டில் கொடுப்பது சுமார் 305 மில்லியன். வெற்றிக்கு 9.5. விலையேற்றத்தைப் பார்த்தால் நியாயமான விலை.

கணக்கன்:
இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். 2029 முடிந்ததும் வெளியேறும் உரிமை யார் கையில்? சோட்டோ கையில். நன்றாக ஆடினால் கிளம்புவார். முழங்கால் போயிருந்தால் இருந்துவிடுவார். நஷ்டம் மட்டும் மெட்ஸுக்கு.

குயின்ஸ்வாசி:
கிளம்ப விடுவோமா? மீதிப் பத்து ஆண்டுக்கும் வருடத்துக்கு 4 மில்லியன் கூட்டிக் கொடுத்தால் அந்த உரிமை செல்லாது. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

கணக்கன்:
கூட்டுங்கள். மொத்தம் 805 ஆகும். அந்தப் பத்து ஆண்டுக்கு 500 மில்லியன், கிடைப்பது 32.5 வார். வெற்றிக்கு 15 மில்லியனுக்கு மேல். 2039இல்கூட உங்கள் 3 சதவீத விலை 14ஐத் தாண்டாது.

குயின்ஸ்வாசி:
2029இல் அவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துவிட்டுத்தானே கூட்டுவோம்?

இடதுகை:
அதே ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவரும் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.