புதுப்பிப்பு: ஆமைத் தொட்டியில மணலை மாத்தியாச்சுங்க

எங்க சல்காட்டா (ஆப்பிரிக்காவோட தரை ஆமை) ஆமைக்குட்டிக்குத் தொட்டியில ஆத்துமணல் போடலாமான்னு போன மாசம் கேட்டிருந்தேனுங்க. (நட்சத்திர ஆமை இல்லீங்க, அதை வீட்டுல வெக்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது.) வேண்டாம்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி. கீரையில ஒட்டுன மணல் வாய்க்குள்ள போறதைக் கண்ணால பாத்தேன், எச்சத்துலயும் நறநறன்னு மணல். அன்னிக்கே அள்ளிக் கொட்டிட்டேன்.

இப்பப் பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவுக் கட்டிதான். உப்புப் போக மூணு தண்ணி அலசி, நீள நாரைப் பொறுக்கிட்டு, மருந்தடிக்காத செம்மண்ணோட பாதிக்குப் பாதி கலந்து 10 செ.மீ. போட்டிருக்கேன். மேல சொதசொதன்னு இருந்தா அடிஓடு அழுகிரும். ஈரமே இல்லைன்னா குட்டிக்கு ஓடு முண்டுமுண்டா வளரும். அதனால ஓரத்துல ஊத்தி அடிமண்ணை மட்டும் நனைக்கறேன்.

நேத்து ராத்திரி முன்னங்காலால குழி பறிச்சு, பாதி உடம்பு புதைஞ்சு தூங்குச்சுங்க. ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன்.